தலைவரின் மகளும் ஊரின் மகள்மாரும்

குடியும் பதவியும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிற் பெண்பிள்ளையைப் பெற்ற தந்தையின் முதற் கவலை வீடு பற்றியதாகும். மருதமுனையிலே தறி நெய்பவரானாலும், சம்மாந்துறையிலே வேளாண்மை செய்பவரானாலும், சாய்ந்தமருதிலே கடற்றொழில் செய்பவரானாலும், மகளுக்கு ஒரு வளவும் அதில் ஒரு வீடும் அமைத்துக் கொடுத்த பின்னரே கடமை முடிந்தவராக அவர் கருதப்படுகிறார். மணமகன் மணமகளின் வீட்டுக்கே வந்து சேர்கிறான். குடி தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. ஒருவன் எக்குடியினன் என்ற வினாவுக்கு அவனுடைய தாயின் குடியே விடையாகும். பள்ளிவாசல் நிர்வாகத்திற் குடிகளின் சார்பாக அமரும் மரைக்காயர் பதவியும் நெடுங்காலம் இத்தாய்வழியையே பற்றி வந்தது. அக்கரைப்பற்றிலே பல ஆண்டுகள் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இவ்வமைப்பு இக்கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான மரபென்பதை 2008இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார்.

இவ்வமைப்பினைச் சுட்டி, "இக்கரையிற் பெண்ணுக்கு என்ன குறை?" என்று பெருமை பேசுவோர் பலர். வீடு அவளுடையது, வளவு அவளுடையது, குடி அவள் வழியாகவே தொடர்கிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர்தம் வினா. உற்று நோக்கின் இப்பெருமையின் பின்னே மறைந்து கிடக்கும் ஓர் உண்மை புலப்படும். மரைக்காயர் பதவிக்குரிய உரிமை தாய்வழி வந்தது. அப்பதவியில் அமர்ந்தவரோ ஆண். மாமனிடமிருந்து மருமகனுக்கு அது சென்றது. இடையில் நின்றவள் ஒரு பெண். உரிமை அவள் வழியே பாய்ந்தது. அதிகாரம் அவளிடத்தே தங்கவில்லை. கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் ஒன்று ஊரூராகத் தண்ணீரைக் கொண்டு செல்கிறது. எந்த வயலுக்கு எப்பொழுது பாய்வதென்று அது தீர்மானிப்பதில்லை. இக்கரையின் சமூக அமைப்பிற் பெண்ணுக்கு வழங்கப்பட்ட இடமும் அத்தகையதே.

சொத்து வேறு, சொல் வேறு. சொத்தினை மகளுக்குக் கொடுத்த சமூகம் சொல்லினை மகனுக்கு வைத்துக் கொண்டது. இவ்வேற்றுமை தெளிவாகத் தெரியும் களங்கள் இரண்டு. அவை அரசியலும் ஊடகமும். இவ்விரண்டும் சந்திக்குமிடத்திலே நிற்பவள்தான் தலைவரின் மகள். அவளுடைய வாழ்வு பற்றிய விவாதம் வெறும் வம்பு அன்று. ஒரு பெண் பொதுவெளியிற் பேசுவதற்குரிய தகுதியை எங்கிருந்து பெறுகிறாள் என்னும் அடிப்படை வினா அதனுள் அடங்கியுள்ளது.

பெயரின் வாசல்

கல்முனையின் அரசியல் வரலாறு பெரிய பெயர்களின் வரலாறாகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பாராளுமன்றம் புகுந்த கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் காலந்தொட்டு, 1977இல் வெற்றி பெற்று அமைச்சரான ஏ. ஆர். மன்சூர் ஊடாக, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தோற்றுவித்த எம். எச். எம். அஷ்ரஃப் வரை அப்பெயர்கள் யாவரும் அறிந்தவை. இக்கரையின் அரசியற் குடும்பங்களிற் பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதும் புதிதன்று. முன்னாள் அமைச்சர் ஏ. எல். எம். அதாஉல்லாவின் மகன் அக்கரைப்பற்று மாநகர சபையின் மேயரானார். மன்சூரின் மகன் கல்முனை மாநகர சபையின் பிரதி மேயரானார். இவை குற்றங்களல்ல, தேர்தல் வழி வந்தவை. ஆனால் குடியைத் தாய்வழி எண்ணும் ஊர்களில், வீட்டை மகளுக்கு எழுதும் ஊர்களில், அரசியல் மட்டும் தந்தைவழி மகனுக்குச் செல்வது ஏன் என்று எவரும் வினவியதில்லை.

இக்கரையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் அமைச்சரான வரலாறும் உண்டு. 2000 செப்டெம்பர் 16ஆம் நாள் அரநாயக்கவில் நிகழ்ந்த ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரஃப் மறைந்தார். அடுத்த மாதத்திலேயே நடந்த பொதுத் தேர்தலில் அவருடைய மனைவி பேரியல் அஷ்ரஃப் அம்பாறை மாவட்டத்திலிருந்து தெரிவாகி அமைச்சருமானார். பின்னர் தேசிய ஐக்கிய முன்னணியின் தலைமையையும் ஏற்றார். அவருடைய உழைப்பினைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் அவருக்கு வாசல் திறந்தது ஒரு மரணம் என்பதும், அவருக்குப் பின்னர் இக்கரையின் முஸ்லிம் ஊர்களிலிருந்து எந்தப் பெண்ணும் பாராளுமன்றம் புகவில்லை என்பதும் நோக்கற்பாலன. திறந்த வாசல் ஒருவருக்கே திறந்து மூடிக் கொண்டது.

தென்னாசியா முழுவதிலும் இதுவே வழக்கம். 1959இற் கணவர் கொல்லப்பட்ட பின் 1960இற் பிரதமரானார் சிறிமாவோ பண்டாரநாயக்க. 1964இல் தந்தை நேரு மறைந்ததும் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகி 1966இற் பிரதமரானார் இந்திரா காந்தி. தூக்கிலிடப்பட்ட தந்தையின் பெயருடன் 1988இற் பாகிஸ்தானின் பிரதமரானார் பெனாசிர் பூட்டோ. இப்பெண்களைக் காட்டி இருவகைக் கட்சியினர் வாதிடுவர். "பெண்கள் எங்கோ உயர்ந்துவிட்டனர்" என்பர் ஒரு சாரார். "இவையெல்லாம் தகப்பன் தந்த பதவி, புருஷன் விட்டுச் சென்ற பதவி, இதில் பெண்ணின் திறமை எங்கே?" என்பர் மறுசாரார். இவ்விரு கட்சியும் பிழையானவை என்பதை நிறுவுவதற்குத் தமிழுலகின் மிக அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றே போதுமானது. கல்முனை வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் பலமுறை காணப்பட்ட முகம் அது: மு. கருணாநிதியின் மகள் கனிமொழி.

1968இல் பிறந்த கனிமொழி சென்னை எத்திராஜ் கல்லூரியிற் பயின்று பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அவருடைய தந்தை பதினெட்டு வயதிலே, 1942இல், 'முரசொலி'யைத் தொடங்கியவர். எழுத்தையும் மேடையையும் திரையையும் அரசியலாக மாற்றியவர். அத்தகைய வீட்டின் மகள் பத்திரிகைத் தொழிலுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர் வந்த முறை கவனத்துக்குரியது. 'தி இந்து' நாளிதழில் உதவி ஆசிரியராகப் பணியாற்றினார். 'குங்குமம்' வார இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழிற் சிறப்புப் பகுதிகளின் ஆசிரியராக இருந்தார். இம்மூன்றனுள் 'குங்குமம்' மட்டுமே குடும்பத்தினரின் இதழ். ஏனைய இரண்டும் பிறருடையவை. 1995இல் 'கருவறை வாசனை' என்னும் கவிதைத் தொகுதியையும் அதன் பின் வேறு தொகுதிகளையும் வெளியிட்டார்.

தந்தையின் பெயர் அவ்வாசல்களைத் திறக்க உதவியிராது என்று எவரும் சொல்லார். முதலமைச்சரின் மகள் விண்ணப்பித்தால் எந்த நிறுவனமும் இருமுறை படிக்கும். ஆனால் பத்திரிகை அலுவலகத்தின் மேசையில் வந்து விழும் செய்தியைத் திருத்துவதற்கும், தலைப்பிடுவதற்கும், அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் பக்கத்தை முடிப்பதற்கும் பெயர் உதவாது. அது கைத்தொழில், கற்றுக் கொண்டவருக்கே வரும். "தகப்பன் தந்தது" என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர், அவர் செய்த வேலையை ஒருநாளும் படித்துப் பார்த்தவரல்லர். அதே குடும்பத்தின் ஆண்மக்கள் பதவியேற்ற போது அதே வினா அதே வன்மத்துடன் எழுந்ததா என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மகனுக்கு வந்தால் அது வாரிசுரிமை. மகளுக்கு வந்தால் அது தகுதியின்மை. இவ்விரட்டை அளவுகோல் சென்னைக்கும் கல்முனைக்கும் பொதுவானது.

எனினும், அடுத்து நிகழ்ந்தவை முதற் கட்சியினரின் மகிழ்ச்சியையும் உடைப்பன. 2007 மே 9ஆம் நாள் தமிழ்நாட்டின் 'தினகரன்' நாளிதழ், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பினை வெளியிட்டது. ஸ்டாலினுக்கு 70 வீதமும், அழகிரிக்கும் கனிமொழிக்கும் தலா 2 வீதமும் அதிற் காட்டப்பட்டன. அவ்விதழும் சன் தொலைக்காட்சியும் கருணாநிதியின் மருமகன் முரசொலி மாறனின் புதல்வர்களுடையவை. கணிப்பினாற் சினமுற்றோர் மதுரையிலுள்ள அவ்விதழின் அலுவலகத்துக்குத் தீயிட்டனர். அங்குப் பணிபுரிந்த மூவர் உயிரிழந்தனர். குடும்பம் பிளந்தது. சில வாரங்களுக்குள் கனிமொழி மாநிலங்களவை உறுப்பினரானார். செப்டெம்பர் 15ஆம் நாள் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அதில் 20 வீதப் பங்கு அவர் பெயரில் இருந்தது.

அதுவரை மேசையில் இருந்து எழுதியவர் அதன்பின் பங்கேட்டிற் பெயராக மாறினார். அப்பெயர் அவருக்கு ஈட்டித் தந்தது யாது? இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை வழக்கில், அத்தொலைக்காட்சிக்குச் சென்ற 200 கோடி ரூபா கையூட்டு என்று இந்திய மத்திய புலனாய்வுத் துறை குற்றஞ் சாட்டியது. 2011 மே 20ஆம் நாள் கனிமொழி கைது செய்யப்பட்டுத் திகார் சிறையில் ஆறு மாதங்களுக்கு மேல் இருந்தார்; நவம்பர் 28ஆம் நாள் பிணை கிடைத்தது. தாம் பங்குதாரரே அன்றி அன்றாட நிர்வாகத்தில் ஈடுபட்டவர் அல்லர் என்பது அவர் தரப்பு வாதம். 2017 டிசெம்பர் 21ஆம் நாள், குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை எனக் கூறிச் சிறப்பு நீதிமன்றம் அவரையும் ஏனையோரையும் விடுதலை செய்தது. அத்தீர்ப்புக்கு எதிராகப் புலனாய்வுத் துறை 2018இல் மேன்முறையீடு செய்தது. 2024இல் தில்லி உயர் நீதிமன்றம் அதனை விசாரணைக்கு ஏற்றது. இதற்கிடையில் 2019இலும் 2024இலும் தூத்துக்குடி மக்கள் அவரை மக்களவைக்குத் தெரிவு செய்தனர்.

வழக்கின் சரி பிழை நீதிமன்றத்துக்குரியது. ஈண்டு வேண்டப்படுவது வேறொன்று. ஒரு பெண் பத்திரிகை மேசைகளில் இருந்து ஆண்டுக்கணக்காகச் செய்த வேலை இன்று எவர் நினைவிலும் இல்லை. அவர் பெயரில் இருந்த 20 வீதப் பங்கு உலகறிந்ததாயிற்று. அவருடைய ஊடக வாழ்வு என்று இன்று பேசப்படுவது, அவர் எழுதியவை பற்றியதன்று. அவர் பெயரைத் தாங்கியவை பற்றியது. மரைக்காயர் பதவியின் வழியாகத் தாய் நின்றாள். பங்கேட்டின் வழியாக மகள் நின்றாள். முன்னதில் உரிமை பெண்வழி வந்து ஆண் அமர்ந்தான்; பின்னதில் உரிமை ஆண்வழி வந்து பெண் அமர்ந்தாள். இரண்டிலும் பெண் வாய்க்காலே. பதவியிற் பெண் அமர்ந்ததைக் கண்டு கைதட்டுவோர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய வயலுக்குப் பாய்கிறது என்பதை நோக்குவதில்லை.

பெயரில்லாத குரல்கள்

தலைவரின் மகளுக்கே இந்நிலை எனின், ஊரின் மகள்மாருக்கு யாது நிலை? இக்கரையின் இலக்கியப் பரப்பு சிறியதன்று. எம். ஏ. நுஃமான், மருதூர்க் கொத்தன், மருதூர்க்கனி, சோலைக்கிளி என ஈழத்து இலக்கியத்தில் நிலைபெற்ற பெயர்கள் கல்முனையையும் அதன் அயலையும் சேர்ந்தவை. அஷ்ரஃபும் கவிஞரே, 'நான் எனும் நீ' என்னும் பெருந்தொகுதியைத் தந்தவர். இவ்வாண்களுக்குக் கூடிப் பேச ஒரு தேநீர்க்கடை இருந்தது, கடற்கரை இருந்தது, கவியரங்க மேடை இருந்தது, தொகுக்கவும் அச்சிடவும் நண்பர் குழாம் இருந்தது. பெண்களுக்கு இருந்தவை வயல்வெளிக் கவியும், தாலாட்டும், கல்யாண வீட்டுக் குரவையுமே. அந்நாட்டார் கவிகளைப் பாடிய பெண்களின் பெயர்கள் எவை? தொகுத்த ஆண்களின் பெயர்கள் நூல்களின் அட்டையில் உள்ளன; பாடியவள் "ஒரு மூதாட்டி" ஆனாள்.

அச்சூழலிலிருந்தே சாய்ந்தமருதின் அனார் எழுந்தார். 2004இல் 'ஓவியம் வரையாத தூரிகை', 2007இல் 'எனக்குக் கவிதை முகம்' என அவருடைய தொகுதிகள் வெளிவந்தன. கனிமொழி தந்தையின் பெயருடன் மாநிலங்களவை புகுந்த அதே ஆண்டில், எந்தத் தலைவரின் மகளும் அல்லாத ஒரு பெண், புனைபெயர் ஒன்றினைத் தவிர வேறு துணையின்றி, தமிழ்க் கவிதையின் முன்வரிசையில் இடம் பிடித்தார். இரண்டாவது நூலை வெளியிட்டதும் தமிழ்நாட்டுப் பதிப்பகமே. இக்கரையில் எழுதப்பட்ட கவிதை கடல் தாண்டிச் சென்று அச்சேறி, அதன் பின்னரே இக்கரையின் பெருமையாகத் திரும்பி வந்தது. பெருமை கொள்வதில் ஊர் பின்னிற்கவில்லை. வாசல் திறப்பதிலேதான் பின்னின்றது.

கவிதைக்கு இடம் கிடைத்தாலும் கருத்துக்கு இடம் கிடைப்பது அரிது. இதே கிழக்குக் கரையின் ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் பி.பி.சி. தமிழோசைக்கு அளித்த நேர்காணலிற் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அத்தொழிலில் உள்ள பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்னும் பொருளிற் கருத்துரைத்தார். அக்கருத்தை ஏற்காதவர் மறுத்துக் கட்டுரை எழுதியிருக்கலாம். கூட்டம் கூட்டி விவாதித்திருக்கலாம். நடந்ததோ வேறு. அச்சுறுத்தல்கள் குவிந்தன, அவர் நாட்டை விட்டு நீங்கித் தமிழ்நாட்டிற் சில காலம் தங்க வேண்டியதாயிற்று. 2015இல் அவர் கொல்லப்பட்டார் என்ற பொய்ச் செய்தியும் பரப்பப்பட்டது. உயிருடன் இருக்கும் ஒரு பெண்ணைச் செய்தியிற் கொன்று மகிழ்ந்த சமூக மனநிலையைப் பற்றி எத்தனை பொதுமேடைகள் வாய் திறந்தன?

இங்கே ஒரு வினா எழுகிறது. அதே கருத்தினை ஒரு பெருந்தலைவரின் மகள் கூறியிருப்பின் இது நிகழ்ந்திருக்குமா? எதிர்ப்பு எழுந்திருக்கலாம்; ஆயின் கட்சித் தொண்டர் அரணாக நின்றிருப்பர். பெயர் தரும் உண்மையான பயன் பதவியன்று, பாதுகாப்பாகும். பேசிய பின்னும் ஊரில் இருக்கலாம் என்னும் உறுதி அது. அவ்வுறுதி பிறப்பினால் ஒருவருக்கு வாய்ப்பதும் மற்றவருக்கு மறுக்கப்படுவதுமே இப்பொருளின் உள்ளீடான அநீதி.

மறுப்புகளுக்கு மறுமொழி

"பெண்ணின் குரல் மறைக்கப்பட வேண்டியது, வானொலியும் தொலைக்காட்சியும் அவளுக்கு உரியன அல்ல" என்று மார்க்கத்தின் பெயராற் கூறுவோர் உளர். இவர்களுக்கு இஸ்லாமிய வரலாறே விடை பகர்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த ஹதீஸ்கள் 2,210 என அறிஞர் கணக்கிடுவர். அவரும் ஒரு தலைவரின் மகளே. முதற் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் புதல்வி. ஆனால் அவர் அறிவித்தவை அபூபக்கரின் மகள் கூறியவை என்பதற்காக ஏற்கப்படவில்லை. அறிந்து, நினைவிருத்தி, ஆராய்ந்து கூறியவை என்பதற்காகவே ஏற்கப்பட்டன. ஸஹாபாக்களின் கூற்றுகளை அவர் திருத்திய இடங்களைத் தனி நூலாகவே தொகுத்தார் பதினான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் ஸர்க்கஷி. ஆண்களின் கூற்றைத் திருத்திய பெண்ணின் குரலை நூலாக்கிப் பாதுகாத்த மரபினரின் வழிவந்தோர், செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலுக்கு அஞ்சுவது விந்தையே.

"எங்கள் சமூகம் இன்னும் ஆயத்தமாகவில்லை, காலம் வரும்" என்பது மற்றொரு சாரார் கூற்று. இது எதிர்ப்பினும் கொடியது. ஏனெனின் இது நட்பின் வேடம் பூண்டு வருகிறது. ஒலுவிலில் 1995இல் தொடங்கப்பட்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையின் பெண்களுக்கு வீட்டிலிருந்து பஸ் ஏறிச் செல்லும் தூரத்திற் பட்டத்தைக் கொண்டு வந்தது. நாட்டின் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருட் பெரும்பான்மையினர் பெண்களே. மகளைப் பட்டதாரியாக்குவதற்கு ஆயத்தமான சமூகம், அப்பட்டதாரி ஒலிவாங்கியின் முன் அமர்வதற்கு மட்டும் ஆயத்தமாகவில்லை என்பது காலத்தின் குறையன்று. கதவைப் பிடித்திருக்கும் கைகளின் குறையாகும்.

"சட்டம் வந்துவிட்டது, 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து பெண்களுக்கு 25 வீத இடம் ஒதுக்கப்பட்டுள்ளது" என்பது மூன்றாவது சமாதானம். ஒதுக்கீடு வேண்டப்படுவதே. எனினும் அவ்விடங்களிற் பெரும்பாலானவை மேலதிகப் பட்டியலினூடாகவே நிரப்பப்பட்டன. அப்பட்டியலில் யார் பெயர் இடம்பெறும் என்பதைத் தீர்மானிப்பது கட்சித் தலைமை. தந்தையின் பெயரால் வருவதற்கும் கட்சிச் செயலாளரின் கையெழுத்தால் வருவதற்கும் அடிப்படையிற் பெரும் வேற்றுமை இல்லை. தனக்கென ஒரு குரலும் அக்குரலை அறிந்த வாக்காளரும் இல்லாத உறுப்பினர், சபையிற் கை உயர்த்தலாம். கேள்வி எழுப்புதல் அரிது. அக்குரலை வளர்க்கும் களம் ஊடகமே. ஆதலின் ஊடகத்திற் பெண்ணின் இடம் என்பது அரசியலுக்குப் பிந்திய அலங்காரம் அன்று. அதற்கு முந்திய அடித்தளம்.

செய்ய வேண்டுவன

இக்கரை பற்றிய செய்தி எவ்வாறு உருவாகிறது என்பதை நோக்குக. தேசிய தமிழ் நாளிதழ்களின் அலுவலகங்கள் கொழும்பில் உள்ளன. கல்முனைச் செய்தியை அனுப்புபவர் பிரதேச நிருபர். அவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ அரச ஊழியராகவோ இருந்து, கிடைத்த நேரத்தில் எழுதுபவர். நிலையான சம்பளம் இல்லாத இத்தொழிலுக்கு இரவிற் கூட்டத்துக்குச் செல்லும் சுதந்திரமும், மோட்டார் சைக்கிளும், அரசியல்வாதியுடன் பழக்கமும் வேண்டும். இம்மூன்றும் எவரிடம் உள்ளன என்பது சொல்லாமலே விளங்கும். விளைவாக, கட்டடத் திறப்பு விழாவும் பொன்னாடையும் செய்தியாகின்றன. தறியில் அமரும் பெண்ணின் கூலியும், வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றவளின் பிள்ளைகளும், 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட வீடு யார் பெயரில் எழுதப்பட்டது என்னும் வினாவும் செய்தியாவதில்லை. தாய்வழி வீட்டுரிமையைப் போற்றிய கரையிலே, நிவாரண வீடுகளின் பத்திரங்கள் "குடும்பத் தலைவர்" என ஆணின் பெயரில் எழுதப்பட்ட போது, அதனை முதற் பக்கத்துக்குக் கொண்டு வந்திருக்கக் கூடிய பெண் நிருபர்கள் எத்தனை பேர் இருந்தனர்? ஆண்டாண்டுகாலமாகப் பெண்ணிடம் இருந்த ஒரே உரிமையும் படிவத்தின் ஒரு கட்டத்தில் நழுவியது. சொத்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு இதனினும் தெளிவாக விளங்க வேண்டுமா? சொல் இல்லாதவளின் சொத்தும் நிலைப்பதில்லை.

ஆகவே தலைவர்களின் மகள்மார் ஊடகத்துக்கு வருவார்களா என்று காத்திருப்பது வீண். வந்தால் வரட்டும், அவர்தம் வேலையை அளந்து மதிப்பிடுக, பெயரை அன்று. வேண்டுவது, எவருடைய மகளும் வரக்கூடிய வாசல். தென்கிழக்கின் பிரதேச வானொலியான பிறை எப்.எம். போன்ற நிலையங்கள் அறிவிப்பாளரையும் செய்தி எழுதுவோரையும் சிபாரிசுக் கடிதத்தால் அன்றி, வெளிப்படையான குரற்றேர்வாலும் எழுத்துத் தேர்வாலும் தெரிவு செய்தல் வேண்டும். நாளிதழ்கள் இக்கரையிற் பெண் நிருபர்களை நிலையான ஊதியத்துடனும் போக்குவரத்துச் செலவுடனும் நியமித்தல் வேண்டும். பேசியதற்காக அச்சுறுத்தப்படும் பெண்ணுக்கு, அவள் கருத்தை ஏற்றாலும் ஏற்காவிடினும், எழுத்தாளர் அமைப்புகள் ஒரு வாரத்துக்குள் வெளிப்படையாகத் துணை நிற்றல் வேண்டும். மௌனம் நடுநிலை ஆகாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பல்கலைக்கழகங்கள் தம் சொந்த வீட்டை நோக்குதல் நன்று. தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுப் பட்டியல்களை வாசகர் எடுத்துப் பார்க்கட்டும். தலைவர் யார், இதழாசிரியர் யார், உபசெயலாளர் யார், வரவேற்புரை ஆற்றுவது யார், மங்கல விளக்கேற்றத் தட்டுடன் நிற்பது யார்? விரிவுரை மண்டபத்திற் பெரும்பான்மையினராக இருப்போர் இதழின் ஆசிரிய மேசையில் எத்தனை பேர்? கட்டுரையைப் படியெடுத்துக் கொடுத்தவளும் அச்சுப்படி திருத்தியவளும் நன்றியுரையின் கடைசி வரியில் "மற்றும் உதவிய சகோதரிகள்" என்று ஒரே சொற்றொடரில் அடங்கிவிடுகின்றனரா? மரைக்காயர் காலத்து அமைப்பு மறைந்துவிட்டது என்று வகுப்பறையிற் கற்பிப்போர், அது எங்கே குடிபெயர்ந்திருக்கிறது என்பதைத் தம் மேசையிலேயே காணலாம்.

விரிவுரையாளரும் மாணவரும் இதனைத் தம் அதிகாரத்துக்குட்பட்ட முதற் காரியமாகக் கொள்ளலாம். அமைச்சரின் அனுமதியோ கட்சியின் பட்டியலோ இதற்கு வேண்டா. அடுத்த ஆண்டு இதழின் ஆசிரியப் பொறுப்பைத் தகுதி பற்றிப் பெண் ஒருத்தியிடம் கொடுத்து, அவள் வெளியிடும் கருத்துக்காக எவரேனும் சினந்தால் அவள் பின்னால் நிற்பதற்கு ஒரு சங்கம் துணியுமானால், நிந்தவூரிலோ அட்டாளைச்சேனையிலோ எந்தப் பெயருமற்ற ஒரு தந்தைக்குப் பிறந்தவள் தலைவரின் மகளுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பினைத் தானும் பெறுவாள். இவ்வூர்களில் வீடு கொடுத்த தந்தையர் பல தலைமுறைகளாக உள்ளனர். குரலுக்குக் காவல் நிற்கும் சபைகள் இனித்தான் தோன்ற வேண்டும்.